தல்யாங் வீட்டுக்கு எத்தனை கம்பம்?

எண் 1
சீரோ,
14 செப்டம்பர் 1996

அன்புள்ள கானோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் அண்ணன் தாக்கருக்கு இருமல் விட்டது. அண்ணி ஓதுங் எப்போதும் போல. என் வலது முழங்கால் மட்டும் மழை வருவதற்கு ஒரு நாள் முன்பே தெரிவித்துவிடுகிறது. நீயும் பிடாலியாவும் அங்கே எப்படி இருக்கிறீர்கள்? அச்சகத்தில் நின்றுகொண்டேதான் வேலையா, இப்போதாவது உட்கார விடுகிறார்களா?

மேலே எண் போட்டிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் எதற்கும் எண் போட்டுப் பழகிய கை. இடையில் ஒன்று தொலைந்தாலும் உனக்குத் தெரியும் அல்லவா? ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.

வயலில் நெல் பழுத்துவிட்டது. வயல் நீரில் வளர்த்த மீனையும் பிடித்தாயிற்று. தாக்கர் தனியாகத்தான் எல்லாம் பார்க்கிறான். நான் வரப்பில் நின்று யோசனை சொல்கிறேன், அவன் கேட்பதில்லை, அதுவே நல்லதாகவும் முடிகிறது.

வருகிற மார்ச்சில் மியோகோ திருவிழா. மூன்று வருடம் போனதே தெரியவில்லை, மறுபடி நம் ஊர் முறை வந்துவிட்டது. பன்றிகளைத் தனியாகக் கட்டித் தீனி போட ஆரம்பித்திருக்கிறோம். மகனுக்கு ஒன்றாக வாசலில் நடும் பாபோ கம்பத்துக்காக மேட்டுத் தோப்பில் இரண்டு மரம் பார்த்து வைத்திருக்கிறேன். உனக்கு ஒன்று, தாக்கருக்கு ஒன்று. இரண்டும் நேரான மரங்கள். ஒன்றில் கொஞ்சம் வளைவு இருப்பது போல் நேற்றுத் தோன்றியது. இன்று போய்ப் பார்த்தேன், இல்லை.

உனக்கு விடுமுறை கிடைக்காது என்று தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன். கம்பளி போட்டுக்கொள். பிடாலியாவுக்கு என் ஆசி.

அப்பா,
ரூபு தல்யாங்

&nbsp;

ஷில்லாங்,
21 அக்டோபர் 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

கானோவின் வணக்கம். உங்கள் கடிதம் ஒன்பது நாளில் வந்துவிட்டது, பதில் எழுதத்தான் எனக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. முழங்காலுக்கு ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டுங்கள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தைகள் இரண்டு பேருக்கும் என் அன்பு.

இங்கே நாள்காட்டி அடிக்கிற காலம். பத்து மணி நேரம் நிற்கிறேன். வீட்டுக்கு வந்தால் கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கிறது.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பிடாலியா மறுபடி உண்டாகியிருக்கிறாள். மூன்று மாதம். ஏப்ரலில் நாள் சொல்லியிருக்கிறார்கள். போன தடவை நடந்ததால் யாருக்கும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் முதலில்.

இரண்டாவது, நானும் மே மாதத்திலிருந்து பிடாலியாவின் திருச்சபையில் சேர்ந்துவிட்டேன். ஞானஸ்நானம் எடுத்தாயிற்று. அதனால் என் பெயரில் கம்பம் நட வேண்டாம் அப்பா. வாசலில் ஒன்று நின்றால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்,
கானோ

&nbsp;

எண் 2
சீரோ,
9 நவம்பர் 1996

அன்புள்ள கானோவுக்கு,

அப்பா. எல்லோரும் சௌக்கியம். முழங்காலை ஆஸ்பத்திரியில் காட்டினேன். வயது என்றார்கள். அது எனக்கே தெரிந்த விஷயம்தான்.

பிடாலியாவின் செய்தியை ஓதுங்கிடம் மட்டும் சொன்னேன். அவள் அடுப்பில் ஊதிக்கொண்டிருந்த ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, “மாடிப்படி ஏறக்கூடாதுன்னு எழுதுங்க, வெயிட்டு தூக்கக்கூடாதுன்னு எழுதுங்க, மாமியார் இல்லாத பொண்ணு, யார் சொல்லுவா?” என்றாள். எழுதிவிட்டேன்.

திருச்சபையில் சேர்ந்தது பற்றி எனக்கு வருத்தம் இல்லை. என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள், யாரும் கெட்டுப்போகவில்லை. நாம் கும்பிடுகிற சூரியனும் சந்திரனும் ஷில்லாங்கிலும் உதிக்கிறவர்கள்தான். கோபித்துக்கொள்கிற சுபாவம் இல்லை.

ஆனால் கம்பம் நட அனுமதி கொடு. இதற்கு மூன்று காரணம் எழுதினேன். படித்துப் பார்த்ததில் முதல் காரணம் ஊர்ப் பேச்சுக்குப் பயந்தது, இரண்டாவது உன் அம்மாவின் பெயரைச் சொல்லி உன்னை மடக்குவது, மூன்றாவது எனக்கே புரியவில்லை. மூன்றையும் அடித்துவிட்டேன். ஆகவே காரணம் இல்லாமல் கேட்கிறேன். நீ வர வேண்டாம். பன்றியைத் தொட வேண்டாம், பூசாரி நிபு மந்திரம் ஓதும்போது உன் பெயர்கூட வேண்டாம் என்றால் அவரிடம் சொல்லிப் பார்க்கிறேன். கம்பம் மட்டும் நிற்கட்டும்.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஓதுங் வந்து நின்றாள்.

“என்ன மாமா, காலைலேர்ந்து ஒரே தாளையே பாத்துட்டிருக்கீங்க? நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள அந்தப் பன்னி குட்டி போட்டு, குட்டியும் பெருத்துடும்.”

“யோசிச்சு எழுதணும்மா.”

“யோசிக்க என்ன இருக்கு? கம்பம் நடறோம்னு எழுதுங்க. அவரு என்ன ஷில்லாங்லேர்ந்து பறந்து வந்து புடுங்கிப் போடவா போறாரு?”

அவள் சொல்வது போல் செய்துவிடலாம். உனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் உனக்குத் தெரியாமல் உன் விஷயத்தில் நான் எதையும் செய்ய விரும்பவில்லை. இனிமேல்.

பிடாலியா படி ஏற வேண்டாம். பதில் எழுது.

அப்பா

&nbsp;

ஷில்லாங்,
3 ஜனவரி 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னியுங்கள். கிறிஸ்துமஸ் வேலை. பிடாலியாவைப் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மற்றபடி நலம். உங்கள் எல்லோருக்கும் புத்தாண்டு நல்லபடி இருக்கட்டும்.

கம்பம் வேண்டாம் அப்பா. இதைப் பற்றி மேலும் எழுத எனக்குத் தெம்பு இல்லை. பனிக் காலத்தில் தோப்புக்குத் தனியாகப் போகாதீர்கள்.

கானோ

&nbsp;

எண் 3
சீரோ,
16 ஜனவரி 1997

அன்புள்ள கானோவுக்கு,

அப்பா. இங்கே வயலெல்லாம் உறைபனி. காலையில் வைக்கோலின் மேல் நடந்தால் நொறுங்குகிறது. உன் வீட்டுக்காரியைப் படுத்திருக்கச் சொன்னது எதனால்? பயப்படும்படி ஏதாவது உண்டா? ஒரு வரி எழுதினால் போதும்.

நேற்று நம் குலத்துப் பலகை மேடையில் கூட்டம். வீட்டுக்கு எத்தனை கம்பம் என்று எண்ணி, மரம் வெட்ட ஆள் பிரிப்பதற்காக. தாமோதான் இந்த வருடமும் எல்லாவற்றையும் நடத்துகிறான். நான் பின் பலகையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இருந்தும் கூப்பிட்டுவிட்டான்.

“வாத்தியாரே, தல்யாங் வீட்டுக்கு எத்தனை கம்பம்?”

“பின்னாடி சொல்றேன் தாமோ.”

“இதுல பின்னாடி என்ன முன்னாடி என்ன? உங்களுக்கு எத்தனை புள்ளைங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரம் பார்த்து யாகாங் அத்தை முதுகில் விறகுக் கூடையோடு மேடைக்கு அடியில் வந்து நின்றாள். எண்பது வயது நெருங்குகிறது, காது மட்டும் கூர்மை.

“அவன்கிட்டக் கேக்காதே. அவனுக்கு எத்தனை புள்ளைங்கன்னு அவனுக்கே சந்தேகம். போன தடவையும் இப்படித்தான்...”

“அத்தை, நீ விறகை எறக்கு மொதல்ல,” என்று தாமோ அதட்டினான். அவள் மூக்கில் செருகிய மரத்தக்கைகளுக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வர எனக்கு வெகு நேரம் ஆயிற்று. வழியில் எங்கும் நிற்கவில்லை, இருந்தும் ஆயிற்று.

பிப்ரவரி கடைசிக்குள் தாமோவுக்கு எண்ணிக்கை சொல்ல வேண்டும். கானோ, நான் உன்னிடம் அதிகம் கேட்டவன் இல்லை. ஒரு கம்பம். பத்து நாள் நிற்கும், பிறகு காற்றும் மழையும் பார்த்துக்கொள்ளும்.

படியில் கவனம் என்று அவளிடம் சொல்.

அப்பா

&nbsp;

ஷில்லாங்,
28 ஜனவரி 1997

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

பிடாலியா வணக்கத்துடன் எழுதுகிறேன். நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. உங்கள் படம்கூட இந்த வீட்டில் இல்லை. உங்கள் உடம்பும் வீட்டில் எல்லோர் உடம்பும் நன்றாக இருக்க வேண்டுகிறேன். எனக்கு ரத்த அழுத்தம், அதனால்தான் படுக்கை. வேறு பயம் இல்லை. அண்ணி சொல்லி அனுப்பியபடி படி ஏறுவதில்லை. எங்கள் வீட்டில் படியே இல்லை என்பதை அவரிடம் சொல்ல வேண்டாம், அவர் அக்கறை எனக்குப் பிடித்திருக்கிறது.

இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உங்கள் ஒவ்வொரு கடிதத்தையும் அவர் இரண்டு முறை படிக்கிறார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். திரும்பி வந்தால் ஷூவெல்லாம் சேறு. “அந்தக் கம்பம் என்ன, எனக்கும் சொல்லேன்” என்று ஒருநாள் கேட்டேன். “மரம்” என்றார். “மரத்துக்கா இவ்வளவு நடை?” என்றேன். மறுபடி சட்டையை மாட்டிக்கொண்டார்.

நான் தேவாலயத்துக்குப் போகிறவள். உங்கள் வாசலில் ஒரு மரம் நின்றால் என் கடவுளுக்குக் குறை வந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரிடமும் இதைச் சொன்னேன். “உனக்குத் தெரியாது” என்கிறார். நீங்களோ காரணம் இல்லாமல் கேட்கிறேன் என்கிறீர்கள். காரணம் இல்லாமல் யாரும் இத்தனை முறை கேட்பதில்லை அப்பா.

நீங்கள் இருவரும் வேறு எதையோ பற்றி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குச் சொல்ல வேண்டாம். அவரிடம் சொல்லிவிடுங்கள். படுத்தே கிடப்பவளுக்கு இந்த வீட்டின் மௌனம் பெரிய பாரமாக இருக்கிறது.

உங்கள் மருமகள்,
பிடாலியா

&nbsp;

எண் 4
சீரோ,
11 பிப்ரவரி 1997

அன்புள்ள கானோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு சரியாக இருக்கிறது. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை நீ தனியாக இருக்கும்போது படி. இது நான்காவது பிரதி. முந்தைய மூன்றும் அடுப்பில் போயின.

சென்ற மியோகோவில் உனக்குக் கம்பம் நடவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அப்படித்தான் எனக்குச் சொல்ல வரும். நீ ஷில்லாங் போய்ப் பதினான்கு மாதம் கடிதம் இல்லை. தொண்ணூற்று நான்கு பிப்ரவரியில் மலைப் பாதையில் ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்தது. இறந்தவர்களில் ஒருவனை யாரும் அடையாளம் காட்டவில்லை. இருபத்தைந்து வயது, நம் பக்கத்து முகம், இடது புருவத்தில் தழும்பு என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். உனக்கு இடது புருவத்தில் தழும்பு உண்டு. மூங்கில் கிழித்தது.

தாமோ வீட்டுக்கே வந்து சொன்னான். “போய்ப் பாத்துட்டு வந்துடுங்க வாத்தியாரே, நான் கூட வரேன்.” தாக்கரும் கிளம்பினான். நான்தான் தடுத்தேன். காவல் நிலையத்துக்கு முறைப்படி கடிதம் எழுதிக் கேட்போம் என்றேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன். உன் உயரம், பல் வரிசை, தழும்பின் நீளம் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தேன். நல்ல கடிதம். இப்போது யோசித்தால், நேரில் போனால் உடனே தெரிந்துவிடும், கடிதம் என்றால் பதில் வரும் வரை தெரியாது. அதற்காகத்தான் எழுதினேன்.

பதில் வரவில்லை. மியோகோ வந்துவிட்டது.

நிபுவிடம் கேட்டேன். கம்பம் உயிரோடிருக்கிற மகனுக்கு நடுவது, இறந்தவனுக்கு நட்டால் அவன் ஆவி அதைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிடும், போக வேண்டிய இடத்துக்குப் போகாது என்றார். உயிரோடிருக்கிறவனுக்கு நடாமல் விட்டால் என்று கேட்டேன்.  “அப்படி யாரும் விட்டதில்லையே வாத்தியாரே, என்ன ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

குறி கேட்கக் கோழியின் ஈரலைப் பார்த்தார். தெளிவாக இல்லை. முட்டையில் பார்த்தார். அதுவும் இல்லை. முடிவை என்னிடமே விட்டுவிட்டார்.

கம்பம் நடும் அன்று தாக்கருக்கு ஒன்றுதான் நின்றது. விருந்துக்கு வந்தவர்கள் ஒற்றைக் கம்பத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. யாகாங் அத்தை மட்டும் நேராக வந்து, “சின்னவன் போயிட்டானா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் வாசலிலேயே உட்கார்ந்து உனக்காக அழுதாள். நான் தடுக்கவில்லை.

இறந்தவன் நீ இல்லை என்று காவல் நிலையத்தின் பதில் ஏப்ரல் 2 அன்று வந்தது. உன் கடிதம் 9 அன்று. வேலை கிடைத்துவிட்டது, சுகமாக இருக்கிறேன் என்று நாலு வரி. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்று எழுத வேண்டியதில்லை. ஊரில் சொன்னோம். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் கம்பத்துக்கு மறுபடி மூன்று வருடம் ஆகும்.

அடுத்த வருடம் உங்கள் குழந்தை நான்கு நாள் இருந்துவிட்டுப் போயிற்று.

நான் பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் சொல்லிக்கொடுத்தவன். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால் முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம் என்று ஆகாது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். இருந்தாலும் இரண்டு வருடமாக அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்துப் பார்க்கிறேன். இப்போது அவள் மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்கிறாய். இதுதான் காரணம். இதற்குத்தான் கேட்டேன்.

இனி நீ சொல்வதைச் செய்கிறேன்.

அப்பா

&nbsp;

எண் 5
சீரோ,
28 பிப்ரவரி 1997

அன்புள்ள கானோவுக்கு,

அப்பா. இங்கே நலம். அங்கே எப்படி என்று தெரியவில்லை. எண் 4 கிடைத்ததா? தபாலில் தாமதமாக இருக்கலாம்.

இன்று தாமோவுக்கு எண்ணிக்கை சொல்லும் நாள். ஒன்று என்று சொல்லிவிட்டேன். நீ எழுதினால் மாற்றலாம், மரம் இன்னும் நிற்கிறது. பிடாலியாவின் ரத்த அழுத்தம் எப்படி? உப்பைக் குறைக்கச் சொல்.

அப்பா

&nbsp;

ஷில்லாங்,
9 மார்ச் 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். எண் 4 பிப்ரவரி 20 அன்றே வந்துவிட்டது. எண் 5 நேற்று. பிடாலியா இப்போது பரவாயில்லை, உப்பைக் குறைத்தாயிற்று. நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

அவள் முதலில் இதை எழுதச் சொல்கிறாள்: குழந்தை உங்களால் போகவில்லை. நுரையீரல் முழுதாக வளராமல் பிறந்தது. டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நானும் அதையே சொல்கிறேன்.

அப்பா, சென்ற மியோகோவுக்கு நான் வந்தேன்.

பதினான்கு மாதம் நான் எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லை. ஓட்டலில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் மகன் தட்டுக் கழுவுகிறான் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தப் பிப்ரவரியில்தான் அச்சகத்தில் எடுத்துக்கொண்டார்கள். முதல் சம்பளத்தில் உங்களுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கினேன். சொல்லாமல் வந்து நிற்கலாம் என்று கிளம்பினேன். வழியில் மண் சரிந்து ஒரு நாள் தாமதம். வந்தபோது எல்லா வீட்டிலும் கம்பம் நட்டு முடிந்திருந்தது.

நம் தெருவில் நல்ல கூட்டம். குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டிருந்தேன், யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பக்கத்து ஊர்க்காரன் என்று நினைத்து ஒருவர் என் கையில் கள்ளுக் குவளையைக் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டேதான் வாசல் வாசலாகக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். சின்ன வயதிலிருந்து வழக்கம். நம் வீட்டுக்கு வந்தபோது ஒன்று இருந்தது. நான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்தேன்.

நீங்கள் வாசற்படியில் நின்று யாருக்கோ இறைச்சித் துண்டு நறுக்கிக்கொண்டிருந்தீர்கள். நமக்கு நடுவில் மூன்று பேர்கூட இருக்க மாட்டார்கள். யாகாங் அத்தை கீழே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். யாருக்காக என்று அப்போது எனக்குத் தெரியாது. பேருந்து விஷயம் எதுவும் தெரியாது. கடிதம் போடாததற்காக என்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்று புரிந்துகொண்டேன். அப்பா வாய் திறந்து திட்ட மாட்டார், இப்படித்தான் செய்வார் என்று நினைத்தேன்.

குவளையை வேலியோரம் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். சால்வையைப் பேருந்து நிலையத்தில் ஒரு கிழவருக்குக் கொடுத்தேன். அந்த நாலு வரிக் கடிதம் இங்கே வந்து எழுதியது. நீங்கள் ஏதாவது சொல்வீர்கள் என்று மூன்று வருடம் பார்த்தேன். கம்பத்தைப் பற்றி நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இரண்டு கம்பம் என்று திடீரென்று செப்டம்பரில் எழுதினீர்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இப்போது எரிச்சல் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் கம்பம் வேண்டாம். இது கோபத்தில் சொல்வது இல்லை. நான் ஞானஸ்நானம் எடுத்தது யாரையும் பழிவாங்க இல்லை என்று எனக்கே காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நீங்கள் எண் 4இல் எழுதாதது. அன்று அண்ணன் கம்பத்துக்குப் பக்கத்தில், இரண்டு அடி தள்ளி, ஒரு குழி தோண்டி மூடியிருந்தது. மேல் மண் ஈரம் காயவில்லை. யாரோ காலால் அமுக்கியிருந்தார்கள். எனக்காகத் தோண்டியிருக்கிறார்கள், பிறகு மூடியிருக்கிறார்கள். கம்பம் இல்லாததைவிட அதுதான் எனக்கு மறக்கவில்லை. மூடியது யார்?

உங்கள் மகன்,
கானோ

&nbsp;

எண் 6
சீரோ,
5 ஏப்ரல் 1997

அன்புள்ள கானோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் அனைவருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, விருந்தில் தின்றது செரிக்காமல் தாக்கருக்கு மட்டும் வயிறு சரியில்லை. பிடாலியாவுக்கு நாள் நெருங்கியிருக்கும். ஓதுங் தினமும் கேட்கிறாள்.

மியோகோ முடிந்தது. இரண்டு பன்றி. ஈரல் நன்றாக இருந்தது என்றார் நிபு. நீ சொன்னபடி தாக்கருக்கு மட்டும் கம்பம் நட்டோம். ஒரு குழிதான் தோண்டினோம்.

இந்த முறை எல்லோரும் கேட்டார்கள். போன தடவை கேட்காமல் விட்டதற்கும் சேர்த்து. முதலில் கேட்டவர் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் நட்பு வீட்டார். அவர் தாத்தா காலத்திலிருந்து நமக்கு நட்பு, உனக்குத் தெரியும், குரலைத் தாழ்த்தத் தெரியாதவர்.

“என்ன வாத்தியாரே, மறுபடியும் ஒத்தக் கம்பமா? சின்னவன் இருக்கானா இல்லையா?”

கையில் இறைச்சி நறுக்கும் கத்தி இருந்தது. அதைக் கீழே வைத்தேன். “இருக்கான். ஷில்லாங்ல இருக்கான். அச்சகத்துல வேலை. பொண்டாட்டி முழுகாம இருக்கா. திருச்சபைக்குப் போயிட்டான், கம்பம் வேணாம்னு எழுதிட்டான். நல்லா இருக்கான்.”

“மாமா, நடுவுல மூச்சு விடுங்க,” என்றாள் ஓதுங் பின்னாலிருந்து. “பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு.”

“புள்ள வேணாம்னா நீங்க கேட்டுக்கறதா? அப்பன் நீங்களா அவனா?” என்று அவர் சத்தம் போட்டார். தெருவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“கேட்டுக்கிட்டேன்,” என்றேன்.  

அவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். குவளையை நீட்டி, “சரி, ஊத்துங்க” என்றார்.

பத்து நாளில் நாற்பத்தொரு பேர் கேட்டார்கள். நாற்பத்தொரு பேருக்கும் அதையே சொன்னேன். தாமோ இரண்டாம் நாள், “பலகை போட்டு எழுதித் தொங்க விட்டுடலாமா வாத்தியாரே?” என்றான். எழுதுவது எனக்கு எளிது. அதனால்தான் வேண்டாம் என்றேன்.

யாகாங் அத்தையிடம் நானே போய்ச் சொன்னேன்.

“அக்கா, கானோ நல்லா இருக்கான். போன தடவை அவன் இங்க வந்திருக்கான். நீ அழுததைப் பாத்திருக்கான்.”

“பாத்தானா? பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லாமயா போனான்? அழுது அழுது பத்து நாள் எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு! வரச் சொல்லு அவனை, காதைத் திருகணும்.” பிறகு, “நீ தலையைக் குனிஞ்சதாலதான் நான் அழுதேன் தம்பி” என்றாள். ஆமாம் அக்கா என்றேன். அவள் புகையில் தொங்கிய பன்றிக் கொழுப்பில் ஒரு பங்கு அறுத்து இலையில் கட்டி, உன் வீட்டுக்காரிக்கு என்று கொடுத்தாள். தபாலில் அனுப்ப முடியுமா என்று விசாரித்தேன். முடியாதாம். அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், கெடாது.

நீ கேட்டதற்கு வருகிறேன். இதுவரை எழுதியதெல்லாம் அதைத் தள்ளிப்போடத்தான் என்று உனக்கே தெரிந்திருக்கும்.

இரண்டு குழியும் தோண்டியது தாக்கர். என்னைக் கேட்காமல் தோண்டினான். உன் கம்பமும் வெட்டித் தயாராக வேலியில் சாய்ந்திருந்தது. தாக்கர் அதைத் தூக்கும்போது வேண்டாம் என்றேன். அவன் என்னோடு சண்டை போட்டான். அண்ணன் உனக்காகப் பேசியதை நான் இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. குழியை மூடு என்றேன். “நீங்களே மூடிக்கங்க” என்று மண்வெட்டியை என் காலடியில் போட்டுவிட்டுத் தோப்புப் பக்கம் போய்விட்டான். அன்று முழுவதும் வரவில்லை.

விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள். திறந்த குழியை அப்படியே விட முடியாது, யாராவது காலை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். நான்தான் மண்ணைத் தள்ளினேன். காலால் அமுக்கியதும் நான்தான். அப்படிச் செய்துகொண்டிருக்கும்போது, நீ இறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். அதுவரை நினைக்கவில்லை. மூடியதால்தான் நினைத்தேன்.

இதை எண் 4இல் எழுதியிருக்க வேண்டும். அடுப்பில் போட்ட பிரதி ஒன்றில் எழுதியிருந்தேன்.

எனக்கு இனி எழுதுவதற்கு ஒன்றும் பாக்கி இல்லை. இங்கே பனி விட்டுவிட்டது, நாற்றங்கால் வேலை தொடங்கிவிட்டது. குழந்தை பிறந்ததும் எழுது. உன்னால் முடியாவிட்டால் பிடாலியாவை எழுதச் சொல். யாரும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. எத்தனை மாதம் கடிதம் வராவிட்டாலும் நீ இருக்கிறாய் என்றே எடுத்துக்கொள்வேன்.

அப்பா,
ரூபு தல்யாங்